அத்தை பார்த்துக்கொண்ட நாட்கள்

தஞ்சோங் மாலிமில் பேரா தொடங்குகிறது. அதற்குப் பிறகு ரயில் சன்னலுக்கு வெளியே நெடுந்தூரம் செம்பனைதான். சிலிம் ரிவர், சுங்காய், தாப்பா ரோடு என்று நிலையங்கள் போய்க்கொண்டிருக்க, மரவரிசைகள் விரிந்தும் குவிந்தும் கூடவே வருகின்றன. கம்பாரை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் எழும்புகின்றன. "அங்க பாரு, மலை" என்று காட்டுவதற்குப் பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. என் கணவர் தானாகவே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து வெகுநாளாயிற்று. வீட்டில் எப்போதும் ஒருவர் பெரியவனைப் பார்த்தால் மற்றவர் சின்னவளைப் பார்க்க வேண்டும்.

ஈப்போவில் எனக்கு வேலை. சிறு கூட்டுறவுச் சங்கங்களின் பொருளாளர்களுக்குக் கணக்கெழுதப் பயிற்சி தருகிறேன். இந்த முறை அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். பயிற்சி முடிந்த பிறகும் சேர்ந்து தங்குவது என்று முடிவு. பிள்ளைகள் கிள்ளானில், அவருடைய அம்மாவிடம், என் அத்தையிடம்.

*

"பிள்ளைங்கள விட்டுட்டா போறீங்க?"

புறப்படும் முன் இதைக் கேட்காத சொந்தம் இல்லை. குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை, கவலைதான். எங்கள் குடும்பங்களில் கல்யாணமான பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போவது கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு. எதற்குப் போனாலும் பிள்ளைகளும் கூட வருவார்கள். இரண்டு பேராக மட்டும் போக ஒரு காரணம் வேண்டும். என் வேலை அதைக் கொடுத்தது. வேலை என்று ஒன்று இல்லாவிட்டால், சும்மா போகிறோம் என்று சொல்லத் துணிந்திருப்போமா? துணிந்திருக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன், போய்ட்டு வாங்க" என்றார்.

*

முதல் மாலை. கிந்தா ஆற்றங்கரையில் நடந்தோம். பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. டியூஷன் கட்டணம், சின்னவளின் இருமல், காடிக்கு மாற்ற வேண்டிய டயர் எல்லாம் பேசி முடித்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த வெறுமை எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் நாங்கள் பேசியதெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஏற்பாடுகள்தானா?

அவருக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கும் அது பழகிவிட்டது. பேசாமல் நடந்தோம். பேசத் தோன்றாமல் நடப்பதும் பேச முடியாமல் நடப்பதும் ஒன்றல்ல. கரை முடிகிற இடத்துக்கு வந்தபோது நாங்கள் முதலாவதில் இருந்தோம்.

*

பகலில் நான் வகுப்பெடுக்கும் நேரம் அவர் ஊரைச் சுற்றினார். மாலையில் அதை எனக்குச் சொன்னார். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய ஒரு முழுப் பகலை, அவசரமில்லாமல், அவர் வாயால் கேட்பது.

ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். பட்டையைக் கீறினால் வடியும் பால் நஞ்சு, காட்டில் வேட்டைக்கு அம்பு முனையில் தடவியது. பால் வடிக்கும் மரங்களோடு வளர்ந்த அவர் அதன் கீழேயே வெகுநேரம் நின்றிருக்கிறார். நிலையக் கட்டடம் ஆர்தர் ஹப்பாக் வடிவமைத்தது, 1917-இல் முடிந்தது. வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அதைத் தாஜ்மகால் என்கிறார்கள்.

டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கும் போயிருக்கிறார். சீனிவாசகம் வழக்கறிஞர், அண்ணனோடு சேர்ந்து மக்கள் முற்போக்குக் கட்சியை வளர்த்தவர், ஈப்போ மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர், 1969-இல் மறைந்தவர். "தாத்தா பாட்டிங்கதான் நெறைய," என்றார் அவர். "ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பிள்ளை."

ஈப்போ அப்படித்தான் ஆகியிருக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வாழ்ந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடின. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெரியவர்கள் இருந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டுப் போன வீடுகளும் உண்டு. பூங்காவில் அவர் பார்த்த கைகளுக்குப் பின்னால் அந்தக் கதையும் இருக்கும்.

பழைய நகரத்தில் ஒரு சுவரில் இரண்டு பிள்ளைகள் காகித விமானத்தில் ஏறிப் பறக்கிறார்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னெஸ்ட் சகாரெவிச் 2014-இல் வரைந்தது. நாங்கள் மறுநாள் சேர்ந்து போய் அதைப் பார்த்தோம். பக்கத்தில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை நிற்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் என்று நினைத்தேன். "இது எனக்கு," என்றார்.

*

குனோங் சிரோ அடிவாரத்தில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் இங்கேதான் வந்து சேரும். நாங்கள் போனது கூட்டமில்லாத காலை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயர் கேட்டார். பெரியவன் பெயர், நட்சத்திரம். சின்னவள் பெயர், நட்சத்திரம். அத்தை பெயர். பிறகு நிறுத்திவிட்டேன்.

"உங்க ரெண்டு பேரு பேரு?" என்று ஐயர் கேட்டார்.

என் பெயரை அவர் சொன்னார். நட்சத்திரத்தையும் சொன்னார், யோசிக்காமல். அவர் பெயரை நான் சொன்னேன். பாறை நிழலில் அந்தக் குரல்கள் கொஞ்சம் பெரிதாகக் கேட்டன. பிரகாரத்தை முழுதாகச் சுற்றி வந்தோம். யாரும் ஓடவில்லை, யாரையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

*

பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து இளைஞனாக வந்த வில்லியம் கெல்லி சுமித், காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டுப் பணக்காரரானவர். தம் மனைவி ஆக்னெஸுக்கும் பிள்ளைகளுக்குமாக மலாயாவிலேயே இல்லாத அரண்மனையைக் கட்ட எண்ணினார். மகன் பிறந்த 1915-இல் வேலை தொடங்கியது. செங்கல்லும் கொத்தர்களும் சென்னையிலிருந்து வந்தார்கள். இடையில் விஷக்காய்ச்சல் பரவியது. உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் இங்கேயும் தொழிலாளர்களைக் கொன்றது. மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தமிழர்கள் கேட்டார்கள், கட்டிக் கொடுத்தார். கோயில் கூரைமேல் சாமிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் உருவமும் நிற்கிறது. அது அவர்தான் என்கிறார்கள். 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். ஆக்னெஸ் திரும்பி வரவில்லை. தோட்டம் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு கம்பெனிக்கு விற்கப்பட்டது. வீடு முடியவே இல்லை.

வழிகாட்டிகள் இதைக் காதல் கதையாகச் சொல்கிறார்கள். மனைவிக்காகக் கட்டிய மாளிகை. நான் வெறும் செங்கல் தெரியும் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது கொத்தர்களைத்தான் நினைத்தேன். ஒரு குடும்பம் சேர்ந்து வாழ்வதற்கான வீட்டை, தங்கள் குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள் கட்டினார்கள். அவர்கள் மனைவிகளும் யாரையோ நம்பிப் பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள், இல்லையென்றால் தனியாக. அவர்களில் எவர் பெயரும் அந்தச் சுவரில் இல்லை.

அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மேலேருந்து பாத்தா சுத்தியும் செம்பனதான்" என்றார்.

*

சுங்கை சிப்புட். வாடகைக் காடியில் போனோம். இங்கே பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பத்து வயதுவரை வளர்ந்தவர் அவர்.

ஊரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் அதற்கடுத்த இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு வருட அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. இங்கே பிறந்த வீ.தி. சம்பந்தன் ம.இ.கா. தலைவராகி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலம். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிக்குப் பங்கு சேர்த்தால், தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கலாம் என்பது யோசனை. அத்தையின் அப்பா அப்படிக் கட்டியவர். அந்தப் பத்திரத்தை அத்தை இன்றும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். கூட்டுறவுக் கணக்கு சொல்லித்தரும் வேலைக்கு நான் வந்ததற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை தார் போடப்பட்டிருந்தது. பால்மரம் ஒன்றுகூட இல்லை. லயங்கள் இருந்த இடத்திலும் செம்பனை. கோயில் இருக்கிறது, புதுச்சாயத்தோடு. வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் கூடுகிறார்கள். அதைத் தாண்டி, புல்லுக்குள் ஒரு சிமெண்டுத் தரை. நான்கு பக்கமும் தூண் நட்ட குழிகள்.

"ஆயாக்கொட்டகை," என்றார். அதன் மேல் ஏறி நின்றார். அவருக்கு அது சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை நடந்து பார்த்தார்.

*

ஆயாக்கொட்டகையைப் பற்றி எழுத வேண்டும்.

பால்வெட்டு என்பது இருட்டில் தொடங்கும் வேலை. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கும் முன்னால்தான் பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களில் அழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். விடிவதற்கு முன்பே பெரட்டு. பேர் கூப்பிட்டதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவர்த்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நிரை. நானூறு ஐந்நூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் முந்தின வெட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் பட்டையை உளியால் சரிவாகச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. வெட்டி முடித்து, பசியாறி, மறுபடி போய் மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்து, காண்டாக் கம்பில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்துப் போட வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெரும்பாலும் சம்பளமும் இல்லை.

ஆணும் பெண்ணும் இருவரும் போனால்தான் அடுப்பெரியும். அப்படியானால் பிள்ளை? விடியாத இருட்டில், தூக்கத்திலேயே போர்வையில் சுற்றி, ஆயாக்கொட்டகையில் கொண்டுபோய் விடுவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள். மரம் வெட்ட முடியாத வயதுக்கு வந்துவிட்ட ஒரு கிழவிதான் பெரும்பாலும் ஆயா. டின் பாலைக் கரைத்துக் கொடுப்பார், அழுகிறவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருவனுக்குத் தூளி ஆட்டுவார். கைக்குழந்தைக்காரிகள் இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

அவரை வளர்த்த ஆயாவின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் ஆயாதான். வெற்றிலைச் சாறு மணம் மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

நாட்டின் ரப்பர் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பிரேசிலிலிருந்து கியூ தோட்டம், அங்கிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகள், அவற்றில் கோலகங்சாரில் நட்டவை. அவற்றில் தப்பிய ஒரு மரம் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தருகே, வேலி கட்டிப் பலகை வைத்துப் பாதுகாக்கப்படுகிறது. அதையும் போய்ப் பார்த்தோம். நல்ல காரியம், மரத்தைக் காப்பாற்றியது. தூளி ஆட்டிய கைகளுக்கு இந்த நாட்டில் எங்கேயும் நான் பலகை பார்த்ததில்லை. அந்தக் கைகள் இல்லாமல் ஒரு வாளிப் பால்கூடக் கொட்டகைக்கு வந்திருக்காது.

*

இரவு, ஓட்டல் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசினோம். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டார்கள். கார்ட்டூன். தொலைபேசி அத்தை கையில் தங்கியது. தோட்டத்துக்குப் போய் வந்ததைச் சொன்னோம். ஆயாக்கொட்டகைத் தரையைச் சொன்னோம். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. "அத்தை, நீங்களும் மாமாவும் எங்கயாவது தனியா போயிருக்கீங்களா?"

"எங்க போறது? லயத்துல ஒரு ரூம்பு. மாமியாரு, நாத்தனாரு ரெண்டு பேரு, பிள்ளைங்க. பக்கத்து வீட்டுல இருமுனாக்கூட இங்க கேக்கும்." பிறகு அவராகவே தொடர்ந்தார். "காட்டுலதான் ரெண்டு பேரும் இருப்போம். என் நிரைக்கு அடுத்த நிரை அவருது. கங்காணிகிட்ட சொல்லி அப்பிடி வாங்கிக்கிட்டாரு. இருட்டுல அவரு வெளக்கு தெரியும். நின்னுச்சுன்னா, என்னமோ ஏதோன்னு பாப்பேன். நவுந்துச்சுன்னா நானும் நவுருவேன். சண்ட போடணும்னாக்கூட அங்கதான் போட்டோம். வீட்டுல எங்க போடுறது, எல்லாரும் இருக்காங்கல்ல."

கங்காணியிடம் கேட்டு அடுத்த நிரையை வாங்கிக்கொண்ட மாமாவை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பேசாத, கண்டிப்பான மனிதர் என்றுதான் இதுவரை கேட்டிருந்தேன். அவர் மகனுக்கும் இது புதுச்செய்தி. தொலைபேசியை வைத்த பிறகு, "அப்பா கேட்டு வாங்கினாரா," என்று இரண்டு முறை சொன்னார்.

வசதி வந்த பிறகு வந்த பழக்கம், மேல்நாட்டுப் பழக்கம் என்றுதான் இந்த மாதிரிப் பயணத்தை நானும் நினைத்து வந்தேன். அப்படி இல்லை. இரண்டு பேர் தங்களுக்குள் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பது லயத்திலும் இருந்திருக்கிறது. கிடைத்த ஒரே இடத்தில், கூலி வேலைக்கு நடுவில், கொசுக்கடிக்கு நடுவில், கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது பிள்ளையை ஆயா வைத்திருந்தார். இப்போது எங்களுக்கு ஓட்டல் அறையும் ஆற்றங்கரையும் கிடைத்திருக்கின்றன, பிள்ளைகளை அத்தை வைத்திருக்கிறார். யாராவது ஒருவர் பிள்ளையை வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எல்லாக் காலத்திலும் வயதான ஒரு பெண்ணாக இருப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆயா எப்போது ஓய்வெடுத்தார்? கொட்டகையை மூடிவிட்டு அவர் யாரோடு போய் உட்கார்ந்தார்?

*

கடைசிக் காலை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கினோம். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய தொழில். கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஊர் அந்தப் பகுதியைச் சொல்கிறது. முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை, மரவள்ளிச் சீவல். பிள்ளைகளுக்குக் காரமில்லாதது, அத்தைக்குப் பல்லுக்கு மெதுவானது. பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து அவர் பையில் அடுக்கினார். கடைக்கார அம்மா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். பசியாறியிருந்தோம், ரொட்டி சானாயும் வெள்ளைக் காப்பியும், ஒரு மேசையில் நெடுநேரம்.

ரயிலில் அவர் பேசினார். பத்து வயதில் தோட்டத்தை விட்டு லாரியில் கிள்ளான் வந்த நாளைப் பற்றி, அம்மா லாரியின் பின்பக்கம் உளியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பற்றி. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கேட்டிராதது. பத்து காஜாவிலிருந்து தாப்பா ரோடு வரை அது ஓடியது.

*

வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தையிடம் கேட்டேன். "உங்களுக்கு எங்கயாவது போகணும்னு இருக்கா, அத்தை?"

"எனக்கென்னம்மா. நான் எங்க போகப் போறேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மாலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல், "சித்தியவான்ல தங்கச்சி முட்டி வலின்னு படுத்துருக்கா" என்றார். "அவளும் நானும் பேசி நாளாச்சு. அவ வீட்டுக்குப் பின்னால ஆறு இருக்கு. உக்காந்தா நேரம் போறது தெரியாது."

"போய்ட்டு வாங்க. நாங்க பாத்துக்கிறோம்," என்றார் அவர், கூடத்திலிருந்து.

"ஒரு வாரம் போதுமா அத்தை?"

"பத்து நாளு," என்றார் அத்தை. "தீபாவளிக்கு முன்னால வந்துருவேன். பலகாரம் சுடணும்ல."

கோயில் காலண்டரில் தேதிகளை வட்டமிட்டோம். முதல் ஐந்து நாளுக்கு அவர் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்ததற்கு நான். சின்னவளின் நீச்சல் வகுப்பு புதன்கிழமைகளில். அத்தை எப்படி அவளுக்குத் தலை துவட்டுவார் என்பதை அவர் இந்த வாரம் கூடவே போய்ப் பார்த்துக்கொள்கிறார்.